கெட்செலின் நாலு கோப்பை

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்து யூதர்களின் கல்யாண மண்டபம் ஒன்றில், பெண்ணைப் பெற்ற தகப்பனார் ஒருவர் இரவு முழுக்க ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கும் கெட்செலுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மனிதர் குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் கல்யாணமாயிற்றே, வந்தவர்கள் எல்லாம் கிளாசைத் தூக்கிக்கொண்டு அவரோடு முட்டிக் குடிக்க வந்து நிற்கிறார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துபோகும். பானங்கள் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த கெட்செல் அவர் கிளாசை வாயருகே கொண்டுபோய்த் திரும்பக் கீழே வைப்பதைப் பார்த்தார். உள்ளே போய்க் கறுப்புத் தேநீரை ஆறவைத்து, கருக்கின சர்க்கரை இரண்டு துளி விட்டு, விஸ்கி நிறத்துக்குக் கொண்டுவந்து, காலி பாட்டிலில் ஊற்றி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் வந்தபோதெல்லாம் அதிலிருந்துதான் ஊற்றினார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஹென்யாவிடமும் அவர் சொல்லவில்லை. பதினோரு வருஷம் கழித்து, கறிக்கடை வரிசையில் நின்றபோது அந்த மனிதரே சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

கெட்செல் முப்பத்தெட்டு வருஷம் அந்த மண்டபத்தில் பானம் ஊற்றினார். பெரிய படிப்பு கிடையாது. பிரார்த்தனைப் புத்தகம் படிப்பார், செய்தித்தாளில் மரண அறிவிப்புப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் எதை எதோடு கலக்கலாம் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெசாக் என்கிற பஸ்கா பண்டிகைக்கு ஒரு மாசம் முன்பே ஜனங்கள் அவரைத் தேடி வருவார்கள். அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லியில் காய்ச்சிய எந்தச் சாராயமும் வீட்டில் இருக்கக்கூடாது. விஸ்கி ஆகாது, பீர் ஆகாது. அதற்கென்றே அவர் ஒரு கலவை வைத்திருந்தார். சிவப்பு ஒயின், ஆரஞ்சுச் சாறு, பிளம்ஸ் பழத்தில் காய்ச்சிய பிராந்தி, பட்டை, கொஞ்சம் வாட்டிய ஆப்பிள். இளசுகள் அதைக் 'கெட்செல் காக்டெயில்' என்று சொல்லும். அளவு கேட்டால், "அளவு கண்ணுலதான் இருக்கு, தாளுல இல்ல" என்பார். பிறகு மனசு இளகித் தாளிலும் எழுதிக் கொடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அறுபத்தொன்பதாவது வயதில், கூடாரப் பண்டிகை முடிந்த மறுவாரம், பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சு பாதி போய்ப் பாதி திரும்பிவந்தது. திரும்பாதது தொண்டை. தண்ணீர், தேநீர், சூப், தண்ணியாக எது இருந்தாலும் உணவுக் குழாயை விட்டு நுரையீரலுக்கு இறங்கிவிடும். லீஸ்பெத் என்கிற உள்ளூர் ஃபிளெமிஷ் இனப் பெண் ஒருத்தி விழுங்கும் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வீட்டுக்கு வருவாள். அவள்தான் ஹென்யாவுக்கு ஒரு டப்பா மாவும் ஒரு கரண்டியும் கொடுத்துச் சொன்னாள்:

"இந்த மாவைக் கலந்தா தண்ணி கெட்டியாகும். கரண்டியச் சாய்ச்சுப் பாருங்கம்மா. தேன் மாதிரி மெதுவா விழுந்தா குடுக்கலாம். தண்ணி மாதிரி விழுந்தா குடுக்கவே கூடாது."

ஆறு மாசமாக அவர் குடித்ததெல்லாம் அந்தத் தேன் பதம்தான். ஒரே ஒரு தடவை, வீட்டுக்கு வீடு பலகாரமும் மதுவும் கொடுத்துக்கொள்ளும் பூரிம் பண்டிகையன்று, பக்கத்து வீட்டுக்காரர் மேசையில் வைத்துவிட்டுப் போன பிராந்தியை ஹென்யா கதவைச் சாத்தப் போன நேரத்தில் இடது கையால் எடுத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார். நாலு நாள் ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆண்டவன் கிருபையால் பிழைத்து வந்தார். வெளியே வரும்போது டாக்டர் ஹென்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா திரும்ப வருவாரான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

பெசாக் வர அன்றைக்கு நாலு வாரம் இருந்தது.

பெசாக் முதல் இரவு ஆணும் பெண்ணும் ஆளுக்கு நாலு கோப்பை ஒயின் குடிக்கவேண்டும். எகிப்தில் அடிமையாக இருந்த நம் ஜனங்களை மீட்பேன் என்று கர்த்தர் நாலு விதமாகச் சொன்னாரே, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பிச்சை எடுக்கிறவனுக்கும் ஊரார் சேர்ந்து நாலு கோப்பை கொடுத்தாகவேண்டும். கெட்செல் ஐந்து வயதிலிருந்து ஒரு வருஷம் விட்டதில்லை.

"நாலும் குடிப்பேன்" என்றார்.

"நீங்க குடிக்கிறதுக்கு நான் விட்டாத்தானே?"

"நீ கெட்டியாப் பண்ணிக் குடு. இல்லேன்னா அப்படியே குடிப்பேன்."

சொன்னால் செய்கிற ஆள். பூரிமன்று பார்த்தாயிற்றே. ஹென்யா மதகுரு ரபி ஃபெய்வலுக்குப் போன் போட்டு, கெட்செல் காதுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள்.

ரபி பொறுமையானவர். "கெட்செல் ஐயா, நல்லாக் கேளுங்க. உசுருக்கு ஆபத்துன்னா நாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குடிக்காம இருக்கிறதுதான் உங்களுக்குக் கடமை. அப்படியும் மனசு கேக்கலேன்னா கெட்டியாப் பண்ணிச் சாப்பிடுங்க. பாதிக்குமேல ஒயினா இருந்தாச் சரி. கோப்பை சின்னதா இருக்கட்டும், முட்டை ஒன்றரை அளவு. அதுலயும் பாதிக்குமேல உள்ள போனாப் போதும்."

"அந்த டப்பா மாவு மக்காச்சோளம், ரபி" என்றாள் ஹென்யா. "பெசாக்குல நாம மக்காச்சோளம் தொடறதில்லையே."

"அது பெரியவங்க வழக்கம்தாம்மா, சட்டம் இல்ல. நோயாளிக்கு நான் அனுமதிக்கிறேன்."

போனை வைத்ததும் கெட்செல் தலையை ஆட்டினார். "அவர் அனுமதிச்சுட்டார். எங்கம்மா அனுமதிக்கணுமே."

"உங்கம்மா போய் முப்பது வருஷம் ஆச்சு!"

"அதான் சொல்றேன். இனிமே மனசு மாத்திக்க மாட்டாங்க."

ஹென்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைக்குள் போய் அழுதாள்.

லண்டனிலிருந்து மகள் பெய்லா போனில் கத்தினாள். "அம்மா, ஒயினையே வாங்காத. வீட்டுல இல்லேன்னா எப்படிக் குடிப்பார்?"

"பக்கத்து வீட்டுல இருக்குமேடி. இந்தத் தெருவுல பெசாக்குக்கு ஒயின் இல்லாத வீடு ஏது?"

பண்டிகைப் பாத்திரங்களை இறக்கிய நாளிலிருந்து ஹென்யா ஒயினைக் கிண்ட ஆரம்பித்தாள். பெசாக்கில் எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது உருளைக்கிழங்கு மாவு. அதைப் போட்டுக் காய்ச்சினாள். முதல் தடவை கட்டி கட்டியாகப் போயிற்று. இரண்டாவது தடவை தேன் மாதிரி வந்தது. ஆறினதும் கத்தியால் வெட்டலாம் போல உறைந்துவிட்டது. மூன்றாவது தடவை நன்றாக வந்தது என்று லீஸ்பெத்திடம் காட்டினாள். அவள் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கொஞ்சநேரம் வைத்திருந்து, கைக்குட்டையில் துப்பிக் காட்டினாள். தண்ணீராக இருந்தது.

"கிழங்கு மாவு எச்சில் பட்டா இளகிடும்மா. கரண்டியில கெட்டி, தொண்டையில தண்ணி. இத நம்பாதீங்க."

சக்கர நாற்காலியில் இருந்து கெட்செல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெசாக்குக்கு நாலு நாள் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

"துணி வெளுக்கிற மாதிரி கிண்டற. என்னை அடுப்புப் பக்கம் தள்ளு."

தள்ளினாள்.

"மாவை விடு. சீமைமாதுளை இருக்கா?"

"இந்த மாசத்துல சீமைமாதுளைக்கு எங்க போவேன்?"

"அப்போ புளிப்பு ஆப்பிள். தோலோட வேகவை. விதையும் இருக்கட்டும். மெல்லிசுத் துணியில வடிகட்டு."

ஆப்பிளை வேகவைத்துத் துணியில் பிழிந்தால் வழவழவென்று ஒரு கூழ் இறங்கியது. தனியாக ஒயினை ஆரஞ்சுத் தோலும் பட்டையும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, இரண்டையும் சேர்க்கச் சொன்னார். "மெல்ல. இன்னும் மெல்ல. ஒரே பக்கமாச் சுத்து. கை மாத்தாதே." அவள் சுற்றினாள். நாற்பத்துமூன்று வருஷத்தில் அவர் அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. "எனக்குக் கை வலிக்குது" என்றாள். "எனக்குக் கையே இல்ல, சுத்து" என்றார். கடைசியில் அடுப்பை அணைத்து, பிளம்ஸ் பிராந்தி இரண்டு கரண்டி விட்டதும் அவர் கல்யாண மேசையின் வாசனை அப்படியே எழும்பியது. கரண்டியைச் சாய்த்தாள். தேன். லீஸ்பெத் வாயில் வைத்துப் பார்த்தாள். தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் பெசாக் முதல் இரவு வெள்ளிக்கிழமை விழுந்தது. ஓய்வுநாள். சூரியன் இறங்குமுன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டால் அப்புறம் அடுப்பு மூட்டக்கூடாது, காய்ச்சக்கூடாது, ஒன்றைப் போட்டு ஒன்றைக் கெட்டியாக்கவும் கூடாது. நாலு கோப்பைக்கும் உள்ளதை முன்கூட்டியே செய்து மூடி வைக்கவேண்டும். குளிரில் வைத்தால் உறைந்துபோகும். முன்கூட்டியே போட்டுவைத்த மின்சாரச் சூடுதட்டின் ஓரத்தில் வைத்தால் ஒயினின் புளிப்பு மெல்ல மெல்ல இளக்கிவிடும்.

புதன்கிழமை ஒரு குப்பியை அப்படி வைத்து மணிக்கொரு தரம் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். ஐந்து மணிநேரம் நின்றது. ஆறாவது மணிக்குமேல் தண்ணீர் விட ஆரம்பித்தது. ஹென்யா விரல் விட்டு எண்ணினாள். ஏழரைக்குச் செய்து மூடினால் பன்னிரண்டரை வரை தாங்கும். விடுதலைக் கதை, சாப்பாடு, துதிப் பாட்டு என்று அதனதன் இடத்தில்தான் ஒவ்வொரு கோப்பையும் குடிக்கலாம்; அதற்குள் எல்லாம் முடியவேண்டும். முடிந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பண்டிகைக்குப் பெய்லாவோடு வந்திருந்த மருமகன் ஆன்ஷெலை அவள் மறந்துவிட்டாள்.

ஆன்ஷெல் தங்கமான பிள்ளை. லண்டனில் வேதபாட சாலையில் வாத்தியார். விடுதலைக் கதையை எவ்வளவு நீட்டிச் சொல்கிறோமோ அவ்வளவு புண்ணியம் என்று பெரியவர்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன். முதல் கோப்பை பத்து மணிக்கு. ஹென்யா முதல் குப்பியைத் திறந்து வெள்ளிக் கோப்பையில் விட்டாள். கெட்செல் தாடையை நெஞ்சில் அழுத்தி, ஒரு கரண்டி, இரண்டு தரம் விழுங்கி, அடுத்த கரண்டி என்று குடித்தார். இருமல் இல்லை. முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. "பட்டை சரியா இருக்கு" என்றார்.

அப்புறம் ஆன்ஷெல் ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி, கேள்விக்கு நாலு பதில், பதிலுக்குள் ஒரு சந்தேகம். கெட்செல் கண் கொட்டாமல் கேட்டார். ஆறு மாசமாக யாரும் அவரிடம் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை. ஹென்யாவின் கண் கடிகாரத்துக்கும் சூடுதட்டுக்குமாகப் போய்ப் போய் வந்தது. பதினொன்றரை. மேசைக்கு அடியில் மகளின் காலை மிதித்தாள்.

"அம்மா, இப்பத்தான் எகிப்துக்கு வந்த பத்து வாதைக்கே வந்திருக்கார்" என்று பெய்லா அம்மாவின் காதில் சொன்னாள்.

"பதினொண்ணாவது வாதை உன் புருஷன்தான்டி."

பிறகு சத்தமாக, "மாப்பிள்ளை, சூப் ஆறுது" என்றாள்.

"இதோ அத்தை, இன்னும் ஒரே வார்த்தை."

"விடு ஹென்யா" என்றார் கெட்செல். "சொல்லுப்பா, நீ சொல்லு."

என்ன செய்வாள்? குப்பி இளகுகிறது, நிறுத்து என்று வேதம் சொல்கிறவனிடம் சொல்வதா? அதுவும் இந்த மனிதர் இப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது? கர்த்தாவே, கடலைப் பிளந்து நிறுத்தினீரே, இந்த ஒரு குப்பியை நிறுத்தமாட்டீரா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

இரண்டாவது கோப்பைக்குப் பன்னிரண்டு ஆயிற்று. தேன்தான், ஆனால் வேகமாக விழுகிற தேன். குடித்தார். பிறகு புளிப்பில்லா அப்பத்தைப் பொடித்து ஊறவைத்துக் கொடுத்தாள்; மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மூன்றாவது கோப்பை ஒன்றரைக்கு. அதன் நாலாவது கரண்டியில் இருமல் வந்தது. பெய்லா எழுந்துவிட்டாள். கெட்செல் கையைக் காட்டி உட்காரச் சொல்லி, இருமி, விழுங்கி, கண்ணில் தண்ணீரோடு, "ஒண்ணுமில்ல" என்றார்.

துதிப் பாட்டுகள் முடிய இரண்டேகால். ஹென்யா நாலாவது குப்பியைத் திறந்தாள். ஆப்பிள் அடியில் தங்கி, மேலே சிவப்புத் தண்ணீர் நின்றது. கலக்கினாலும் சேராது. திரும்பக் காய்ச்ச அன்றைக்கு நெருப்பு இல்லை. கரண்டியில் எடுத்து அவர் கண்ணெதிரே சாய்த்தாள். சொட்டுச் சொட்டென்று விழுந்தது.

"பாத்தீங்களா. இது நிக்கல. போதுங்க."

"ஊத்து."

"அப்பா, மூணாச்சு. ரபி ஒண்ணுகூட வேண்டாம்னாரே" என்றாள் பெய்லா.

ஆன்ஷெலுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. "மாமா, என் தப்பு. நான் பேசிட்டே இருந்துட்டேன். உயிருதான் முக்கியம் மாமா, சட்டமே அதான். குடிக்காதீங்க."

"நீ நல்லாப் பேசினப்பா" என்றார் கெட்செல். "முப்பத்தெட்டு வருஷம் ஊத்தினவன் நான். எவன் எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப இப்ப நிறுத்துங்க!" என்றாள் ஹென்யா.

"இன்னும் ஒண்ணு."

குப்பி அவள் கையில் இருந்தது. கையைத் தளர்த்தினால் போதும். வெள்ளை விரிப்பில் கொட்டிப்போகும், தெரியாமல் கைதவறிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், கர்த்தரும் சொல்லமாட்டார். விரல் இளகவும் செய்தது. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஆறு மாசமாக அந்த முகத்துக்கு அவள் இல்லை, கூடாது, ஆகாது என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. தேநீர் கேட்டால் இல்லை. வெயில் நாளில் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் இல்லை. ஊரெல்லாம் குடிக்கக் கொடுத்த மனிதர் தன் வீட்டில் கையேந்தி உட்கார்ந்திருந்தார்.

ஊற்றினாள்.

அடியில் இருந்த கூழைக் கரண்டியால் தொட்டுத் தொட்டு, தண்ணீரைத் துளித் துளியாகச் சேர்த்து, அவர் தாடையை அழுத்திக் குடிக்கக் குடிக்க ஒவ்வொரு விழுங்கலையும் எண்ணினாள். இரண்டு தரம் இருமினார். பாதிக்குமேல் போனதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் சாய்ந்து, ஓசையில்லாமல் கடைசிப் பாட்டுக்கு வாயசைத்தார்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் கண்டது. ஓய்வுநாளில் போன் தொடக்கூடாதுதான், ஆனாலும் உயிர்க்காரியம் ஆயிற்றே, ஆன்ஷெலே போனை எடுத்து, நம் ஜனங்களின் அவசர வண்டியைக் கூப்பிட்டான். நுரையீரல் இரண்டு பக்கமும் கெட்டிருந்தது. "ராத்திரி குடிச்சதுனாலயா டாக்டர்?" என்று ஹென்யா கேட்டாள். அவர் நல்ல மனிதர். "சொல்லமுடியாதும்மா. இந்த நிலைமையில சொந்த எச்சிலே போதும்" என்றார். அவளுக்கு அந்தச் சமாதானம் ஏறவில்லை. குப்பி தன் கையில் இருந்தது என்பதுதான் ஏறியது.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தாள். பெய்லா கொடுத்தனுப்பிய பண்டிகைச் சாப்பாடு பையிலேயே கிடந்தது. அவர் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கண்ணை மூடுவார், திறப்பார், அவளைப் பார்ப்பார், திரும்ப மூடுவார். செவ்வாய் சாயங்காலம் நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். ஹென்யா கோட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தவள், மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததைக் குனிந்து அவர் காதில் சொல்லிவிட்டாள்.

"நான் அதைக் கொட்டியிருக்கணும். கைதவறின மாதிரி கொட்டியிருக்கணும். என் கையாலயே..."

விடியுமுன் அவர் போய்விடப் போகிறார் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. கெட்செல் இடது கையால் மூக்குக் குழாயை நகர்த்தினார். நர்ஸ் வேண்டாம் என்று வந்தாள். கண்ணாலேயே அவளை நிறுத்தினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நாலு கேட்டேன், நாலும் குடுத்த. உன் நாலாவது கோப்பைய மட்டும் நீ தொடவே இல்ல, ஹென்யா. அப்படியே இருந்துச்சு, நான் பார்த்தேன். வீட்டுக்குப் போ. போய் ஒரு வாய் ஏதாவது குடி."